அப்பாவின் பாட்டுப்பெட்டியை மீட்ட ஒன்பது நாள்

சிங்கப்பூரின் யீஷூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில், சன்னலோரமாக அப்பாவின் பாட்டுப்பெட்டி இருக்கிறது. இணையம் வழியாக ஒலி 96.8 தமிழ் வானொலியையும், மெமரி கார்டில் நான் ஏற்றிக் கொடுத்திருக்கும் பழைய பாடல்களையும் அது பாடும். கடையில் வாங்கிய பெட்டி அன்று. 62 வெள்ளிக்கு இணையத்தில் வாங்கிய ஓர் ஆடியோ போர்டை, பழுதாகிப் போன ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றுக்குள் நானே பொருத்தியது. போர்டின் மையத்தில் இருப்பது, சிறு கணினிபோல் இயங்கும் ஈஎஸ்பி32 என்ற சில்லு. அதே சில்லுள்ள போர்டை வைத்திருப்பவர்களுக்கு நான் பட்ட பாட்டில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் புதிய ஃபர்ம்வேர் (போர்டை இயக்கும் உள்நிரல்) வந்திருப்பதாகச் செய்தி தெரிந்தது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போடப் போனேன். நான் திரும்பி வருவதற்குள், மாலை நடைக்குக் கிளம்பிய அப்பா வழக்கம்போல் சுவரில் உள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போயிருந்தார். அது அவருடைய நாற்பதாண்டுப் பழக்கம். எங்கள் வீட்டு மின்கட்டணம் கட்டுக்குள் இருப்பதற்கும் அதுதான் காரணம் என்பதால் அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. சுவிட்சை மீண்டும் போட்டபோது போர்டின் நீல விளக்கு எரியவில்லை, ஒலிபெருக்கியில் சிறு கரகரப்புகூட இல்லை, வைஃபை பட்டியலிலும் பெட்டியின் பெயர் வரவில்லை.

மின்சாரம் நின்றதால் மட்டும் ஒரு போர்டு இப்படிப் படுத்துவிடக் கூடாது. ஒழுங்காக எழுதப்பட்ட ஃபர்ம்வேர், நினைவகத்தில் இரண்டு இடங்களை வைத்துக்கொண்டு, புதியதைக் காலியான இடத்தில் முழுவதுமாக எழுதிச் சரிபார்த்த பிறகே அங்கே தாவும். நடுவில் மின்சாரம் போனால் பழையதே மறுபடி ஓடும். என் போர்டில் இருந்த ஃபிளாஷ் நினைவகம் 4 மெகாபைட் மட்டுமே. அதில் இரண்டு பிரதிகளுக்கு இடம் இல்லை என்பதால், புதுப்பிப்பதற்கென்றே வைத்திருந்த சிறு நிரல் ஒன்று எழுந்து, மற்ற நிரல்களை எழுப்பிவிடும் பூட்லோடர் உட்பட மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதும்படி செய்திருக்கிறார்கள். அழித்து முடித்த வேளையில் மின்சாரம் போயிருக்கிறது. அந்தச் சிறு நிரல் உள்ளே பத்திரமாக இருந்தும், அதை எழுப்ப வேண்டிய பூட்லோடர் இல்லாமல் போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கணினியைச் சில்லோடு நேரடியாகப் பேசவைக்கும் யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் வாங்குவதற்காக நியூட்டனில் ரயில் மாறி ரோச்சோரில் இறங்கி, சாலையைக் கடந்து, மின்னணுப் பாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவருக்குப் போனேன். நம்பிப் போன மூன்று கடைகளும் இழுகதவை இறக்கியிருந்தன. தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து மறுபடி போனபோது, கடையில் இருந்த பெரியவர் விலையைச் சொல்வதற்கு முன், “3.3 வோல்ட்டா, 5 வோல்ட்டா?” என்று கேட்டார். இந்த ஒன்பது நாளில் என்னிடம் பிறர் கேட்டவற்றிலேயே உருப்படியான கேள்வி அதுதான். ஈஎஸ்பி32 3.3 வோல்ட்டில் இயங்குவது. அடாப்டரில் வோல்ட் அளவைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் என்ற சிறு செருகி 5 வோல்ட் பக்கம் இருக்கும்போது கம்பிகளை இணைத்தால் சில்லே கெட்டுப்போகலாம். அவரே ஜம்பரைக் கழற்றிச் சரியான பக்கம் மாற்றிக் கொடுத்து 8 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

இதற்கிடையில் போர்டை விற்ற நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். கேபிளை மாற்றிப் பார்க்கச் சொன்னது முதல் பதில். என் கேள்வியைப் படித்திருந்தால், வைஃபை வழியாகச் செய்த புதுப்பிப்பில் கேபிளுக்கு வேலையே இல்லை என்பது தெரிந்திருக்கும். இரண்டாவது பதிலில், புதுப்பிப்புக் கோப்பை இணைத்து, அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து அதை ஏற்றுமாறு எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கம் திறக்காததுதான் என் சிக்கல் என்று விளக்கி எழுதியதற்கு, அதே கோப்பு மறுபடியும் வந்தது, கூடவே புதிய போர்டு வாங்கினால் 10 விழுக்காடு தள்ளுபடி என்ற தகவலும்.

குப்பையில் போட மனம் வராததற்குக் காரணம் உண்டு. ஈஎஸ்பி32 சில்லுக்குள், தயாரிக்கும்போதே பொறிக்கப்பட்ட சிறிய நிரல் ஒன்று, படிக்க மட்டுமே முடிகிற ‘ரோம்’ நினைவகத்தில் இருக்கிறது. வெளியே உள்ள ஃபிளாஷ் நினைவகம் முழுவதும் அழிந்தாலும் அதை யாராலும் அழிக்க முடியாது. சில்லின் கால்களில் ஒன்றான ஜிபிஐஓ 0 என்ற பின்னைக் கிரவுண்டோடு, அதாவது 0 வோல்ட்டோடு, இணைத்துக்கொண்டு சில்லை ரீசெட் செய்தால், அந்த நிரல் விழித்து, சீரியல் வழியாகப் புதிய ஃபர்ம்வேரை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும். என் போர்டின் யூஎஸ்பி துளை மின்சாரத்துக்கு மட்டுமே என்றாலும், பின்பக்கத்தில் பின்கள் பற்றவைக்கப்படாத ஆறு துளைகள் இருந்தன: 3.3 வோல்ட், கிரவுண்ட், டிஎக்ஸ் (தரவை அனுப்புவது), ஆர்எக்ஸ் (தரவைப் பெறுவது), ஜிபிஐஓ 0, ரீசெட். சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவற்றில் பின் வரிசையைப் பற்றவைத்தேன்.

டிஎக்ஸை ஆர்எக்ஸோடு குறுக்காக இணைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சறுக்கியது மின்சாரத்தில். அடாப்டரின் 3.3 வோல்ட் பின்னிலிருந்தே போர்டுக்கும் மின்சாரம் எடுத்தேன். இத்தகைய அடாப்டர்கள் பலவற்றில் இருக்கும் எஃப்டி232ஆர் சில்லு அந்தப் பின்னில் 50 மில்லியாம்பியர்தான் தரும், ஈஎஸ்பி32-க்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. போர்டுக்கு மின்சாரம் அதன் சொந்தத் துளையிலிருந்தே வர வேண்டும். அடாப்டரிலிருந்து கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் ஆகிய மூன்று கம்பிகள் போதும். அதைச் சரிசெய்து, தரவு வேகத்தை நொடிக்கு 115200 பிட் என வைத்ததும் திரையில் எழுத்துகள் ஓடின. “ஃபிளாஷ் ரீட் எரர், 1000” என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. அந்த 1000 ஒரு பதினறும (பத்துக்குப் பதில் 16-ஐ அடியாகக் கொண்ட) முகவரி; பூட்லோடர் இருக்க வேண்டிய இடம். செய்தி கெட்டதுதான் என்றாலும், சில்லு பேசுகிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதல் வியாழக்கிழமை இரவுவரைகூட நிற்கவில்லை. ஜிபிஐஓ 0-ஐக் கிரவுண்டோடு இணைத்து எத்தனை முறை ரீசெட் செய்தாலும், எஸ்பிடூல் என்ற எழுதும் நிரல் புள்ளிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, இணைய முடியவில்லை என்று கைவிரித்தது. கேபிளை மாற்றினேன், வேறு கணினியில் முயன்றேன், பற்றவைத்ததை மறுபடி உருக்கினேன், மெமரி கார்டைக் கழற்றினேன். எதுவும் நடக்கவில்லை. அப்பா தம் அறையில் கைப்பேசியில் வானொலி கேட்கத் தொடங்கிவிட்டார். “போனால் போகிறது, விடப்பா” என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் உறுத்தியது.

வெள்ளிக்கிழமைதான், நான் கண்டும் காணாமல் விட்டிருந்த ஓர் எண் கண்ணில் பட்டது. ஒவ்வொரு ரீசெட்டுக்கும் சில்லு அச்சிடும் முதல் வரியில் ‘பூட்’ என்ற சொல்லை அடுத்துப் பதினறும எண் ஒன்று வரும். எழுந்திருக்கும் கணத்தில் சில பின்கள் எந்த நிலையில் இருந்தன என்பதை அது காட்டுகிறது: ஜிபிஐஓ 0 உயர்ந்திருந்தால் (3.3 வோல்ட் அளவில் இருந்தால்) 16, ஜிபிஐஓ 2 உயர்ந்திருந்தால் 8, ஜிபிஐஓ 4-க்கு 4, 15-க்கு 2, 5-க்கு 1. பின்களை எதனோடும் இணைக்காமல் ரீசெட் செய்தபோது வந்ததைப் பதின்ம எண்ணாக மாற்றினால் 27. ஜிபிஐஓ 0-ஐக் கிரவுண்டோடு இணைத்தபோது 11, அதாவது 16 சரியாகக் கழிந்திருக்கிறது; என் இணைப்பில் பிழையில்லை. ஆனால் 11 என்பது 8, 2, 1 ஆகியவற்றின் கூட்டல். அந்த 8 அங்கே இருக்கவே கூடாது. புதிய ஃபர்ம்வேரை வாங்கிக்கொள்ளும் பதிவிறக்க நிலைக்கு ஈஎஸ்பி32 போக ஜிபிஐஓ 0 மட்டுமன்றி ஜிபிஐஓ 2-உம் தாழ்ந்திருக்க வேண்டும்; எனக்கு வர வேண்டிய எண் 3.

ஜிபிஐஓ 2-ஐ உயர்த்திப் பிடித்திருந்தது மெமரி கார்டுத் துளை. கார்டின் முதல் தரவுக் கம்பி அந்தப் பின்னில்தான் சேர்கிறது. அந்தக் கம்பியை 3.3 வோல்ட்டோடு இழுத்துக் கட்டும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கார்டைக் கழற்றியதால் பயனில்லை. நல்ல வேளையாக, மைக்ரோ எஸ்டி கார்டில் 6-ஆவது கால் கிரவுண்ட், 7-ஆவது கால் அந்தத் தரவுக் கம்பி. துளையின் பின்புறம் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. மல்டிமீட்டரால் உறுதிசெய்துகொண்டு, இரண்டுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். வெறும் கம்பியால் இணைத்தாலும் அந்த நேரத்துக்கு வேலை நடக்கும். பின்னர் ஃபர்ம்வேர் ஓடத் தொடங்கி அந்தப் பின்னை உயர்த்த முயன்றால் சில்லுக்கு ஆபத்து என்பதால் ரெசிஸ்டரே நல்லது. ரீசெட் செய்தேன். எண் 3 வந்தது. அதன் கீழே “வெயிட்டிங் ஃபார் டவுன்லோடு” என்று வந்தது. இரவு மணி ஒன்றே முக்கால் என்பதால் கத்தவில்லை.

சனிக்கிழமை முதல் வேலையாக, கெட்டுப்போன நினைவகத்தை அப்படியே கணினியில் படித்து வைத்தேன். 115200 வேகத்தில் 4 மெகாபைட்டுக்கு ஏறத்தாழ ஆறு நிமிடம் ஆகும். வேகத்தைக் கூட்டினால் என் நீளமான ஜம்பர் கம்பிகளில் தரவு சிதறியது. படித்ததில் முன்பகுதி முழுவதும் 255 என்ற ஒரே மதிப்பு, அதாவது அழிக்கப்பட்ட ஃபிளாஷ். கடைசியில் மட்டும் அந்தச் சிறு நிரல் இருந்தது.

அடுத்து நான் செய்தது அவசரக்காரனின் வேலை. நிறுவனம் அனுப்பிய கோப்பை எடுத்து 1000 என்ற முகவரியில் எழுதினேன். இது ஃபர்ம்வேர் கோப்புபோல் தெரியவில்லை என்று எஸ்பிடூல் எச்சரித்ததையும் தாண்டிப் போனேன். போர்டு எழவில்லை. கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும்: ஈஎஸ்பி32-க்கான நிரல் கோப்பு 233 என்ற பைட்டில் தொடங்க வேண்டும், இதுவோ நிறுவனத்தின் சொந்தத் தலைப்போடு தொடங்கியது. அவர்களுடைய சிறு நிரலுக்கு மட்டுமே பிரிக்கத் தெரிந்த பொட்டலம் அது.

முழுப் பிரதி வேண்டுமென்றால் நல்ல நிலையில் உள்ள இன்னொரு போர்டு வேண்டும். என்னோடு சேர்ந்து அதே போர்டை வாங்கிய நண்பர் உட்லண்ட்ஸில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். “படிக்க மட்டும் செய்யுங்கள், எதையும் எழுதிவிடாதீர்கள்” என்ற நிபந்தனையோடு பெட்டியைத் திறந்து கொடுத்தார். அதே ஆறு துளைகள், அதே ரெசிஸ்டர். இம்முறை இருபது நிமிடத்தில் எல்லாம் தயார். இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான் என்று ஒப்பிட்ட பிறகே கம்பிகளை எடுத்தேன். ஃபிளாஷ் மறையாக்கம் செய்யப்பட்ட போர்டாக இருந்தால் இந்த வழி செல்லாது, இது அப்படிப்பட்டதன்று. பிரதியில் அவருடைய வைஃபை கடவுச்சொல்லும் இருக்கும் என்று நான் சொன்னபோது அவர் முகம் சற்று மாறியது. என் போர்டில் எழுதியதும் அமைப்புகள் உள்ள பகுதியை அழித்துவிட்டு, கணினியில் உள்ள கோப்பையும் நீக்கிவிடுவதாக வாக்குக் கொடுத்தேன், அப்படியே செய்தேன்.

வீட்டுக்கு வந்து 0 முகவரியிலிருந்து முழுவதையும் எழுதி, ஜிபிஐஓ 0 கம்பியை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டதும் நீல விளக்கு எரிந்தது. வைஃபையில் சேர்த்தேன், ஒலி 96.8 கேட்டது. மெமரி கார்டைச் செருகியபோதோ ஒரு பாடலும் தெரியவில்லை. அரை மணி நேரம் கார்டை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான், 7-ஆவது காலில் நான் பற்றவைத்த ரெசிஸ்டர் இன்னும் அங்கேயே இருப்பது நினைவுக்கு வந்தது. அதை எடுத்தவுடன் பாடல்கள் வந்தன.

சத்தம் முன்பைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதாக அப்பா சொன்னார். அளவைக் கூட்டி வைத்தேன். அந்தச் சுவிட்சின் மீது ஒட்டுநாடா ஒட்டி “அணைக்க வேண்டாம்” என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து நிறுவனத்திலிருந்து, காத்திருந்ததற்கு நன்றி தெரிவித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இணைப்பில் அதே கோப்பு, மூன்றாவது முறையாக.