அழ வேண்டாம்

குறுக்கு விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம், கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண் கேட்டாள். “மேடம், நாளைக்கு நான் அழணுமா?”

“அழ வேண்டாம்மா. உனக்கு எப்படி வருதோ அப்படியே பேசு” என்றேன்.

இதில் தப்பு இருப்பதாகப் பல மாதம் எனக்குத் தோன்றவில்லை. நான் படித்ததே அதைத்தானே. பாலியல் வன்முறைக்கு ஆளாகி பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் பேசி, ஆன் பர்ஜஸும் லிண்டா ஹோம்ஸ்ட்ராமும் 1974-இல் எழுதிய கட்டுரை என் மேசையிலேயே கிடக்கும். அழுது நடுங்கியவர்கள் எத்தனை பேரோ, ஏறக்குறைய அத்தனை பேர் சலனமில்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அழவில்லை என்பதால் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்று ஆகாது. இதைப் போலீஸ்காரர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அதனால் அவள் கேட்டதும் பதில் தயாராக இருந்தது.

மறுநாள் மூடிய அறையில் விசாரணை. நீதிபதி அனுமதித்ததால் நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவள் கையில் ஒரு கர்சீப். நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். கடைசி வரை அதைக் கண்ணருகே கொண்டுபோகவில்லை. “இவ்வளவு நடந்த பொண்ணு இப்படியா நிதானமா பேசுவா?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டபோதும், ரேஷன் கார்டு விவரம் சொல்வதுபோல ஒரே குரலில் பதில் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவனுக்குத் தண்டனையும் கிடைத்தது.

அப்புறம் ஒருநாள் அவளே தேடி வந்தாள். “அன்னைக்குத் தொண்டை வரைக்கும் வந்துச்சு மேடம். நீங்க அழ வேண்டாம்னு சொன்னீங்களேன்னு முழுங்கிட்டேன். அதுக்கப்புறம் வரவே மாட்டேங்குது.” குறையாகச் சொல்லவில்லை. காய்ச்சல் விடவில்லை என்று டாக்டரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

வேண்டாம். அழ வேண்டிய அவசியமில்லை என்ற அர்த்தத்தில் நான் சொன்னேன். அழக் கூடாது என்று அவள் காதில் விழுந்திருக்கிறது. நம் வீடுகளில் அந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறோம்? ‘வெளியே போக வேண்டாம்’, ‘அவனோடு பேச வேண்டாம்’. பிறந்ததிலிருந்து அவளுக்கு அது தடைதான். எனக்கு இது தெரியாதா?

சரி, வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? ‘அழு’ என்றிருந்தால் சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஆகும். வழக்கே போயிருக்கும். ‘அழுகை வந்தால் வரட்டும்’ என்றிருக்கலாம். அதையும் உத்தரவாகவே எடுத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. வழக்கு ஜெயித்ததே, போதாதா என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். பல ராத்திரி நானும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் தூங்குகிறேன். ஆனால் நான் அவளுக்காகப் போனேனா, வழக்குக்காகப் போனேனா?

அழணும் என்று அவளிடம் சொன்னது யார்? மாமியாரா, பக்கத்து வீடா, வக்கீல் ஆபீசா? அன்றைக்கு அதை நான் கேட்கவே இல்லை. கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயத்தைத்தான் முதலில் கேட்கணும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

போன வாரம் வேறொரு பெண் கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்டார். பதில் சொல்லாமல், “ஏம்மா கேக்குறீங்க?” என்றேன். கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “சும்மாதான் மேடம்” என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.