களக்காட்டில் நூறு வோல்ட்

இப்போதைய நிலவரம்: சூப்பர் ஃபாமிகாம் (நின்டெண்டோவின் பழைய டிவி விளையாட்டுச் செட்) ஓடுகிறது. பிளேஸ்டேஷன் 2 ஓடுகிறது. ரேடியோ பாடுகிறது. ரைஸ் குக்கர் ஓடவில்லை, அதை ஓட்டப்போவதும் இல்லை.

அத்தான் ஜப்பானில், நாகோயாவில் வேலை முடிந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த சாமான்கள் இவை. அங்கே பழைய சாமான் கடைகளில் இதெல்லாம் மலிவாகக் கிடைக்கிறதாம். "ஒனக்குத்தான இதுல கிறுக்கு, நீயே பாத்துக்கோ மாப்ள" என்று பெட்டியோடு என் தலையில் கட்டிவிட்டார். அக்காவுக்கு அந்தப் பெட்டியில் அக்கறை இருந்தது குக்கர் மேல் மட்டும்தான்.

எதையும் சொருகிப் பார்க்கும் முன் எல்லாவற்றையும் தார்சாவில் பரப்பிக் கவிழ்த்துப் போட்டேன். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். முதல் வேலை அதைப் படிப்பதுதான். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரில் 230. அலைவெண்ணில் அவர்கள் நாடே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா, நாகோயா பக்கம் 60 ஹெர்ட்ஸ். 1890களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மன் ஜெனரேட்டரும் ஒசாகாக்காரர்கள் அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கியதன் மிச்சம் அது. நமக்கு 50. சீட்டில் 50/60 என்று போட்டிருந்தால் கவலை இல்லை. வெறும் 60 என்றால், உள்ளே டிரான்ஸ்பார்மரோ மோட்டாரோ உள்ள சாமானை நம் ஊரில் ஓட்டாமல் இருப்பது நல்லது. வோல்டேஜைச் சரிசெய்தாலும் அது சூடேறும், மோட்டார் மெதுவாகச் சுற்றும்.

பெட்டியில் இருந்த நின்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுச் செட்டின் அடாப்டரில் மட்டும் 100–240 என்று இருந்தது. அதற்குத் தேவை ஒரு பின் கன்வெர்ட்டர், அவ்வளவுதான். மற்றதெல்லாம் தனி 100.

பின் கன்வெர்ட்டர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது தட்டைப் பின்னை நம் உருண்டைத் துளையில் ஏற்றும் பிளாஸ்டிக் துண்டு. வோல்டேஜை ஒரு சொட்டுக்கூடக் குறைக்காது. கடையில் சிலர் 'கன்வெர்ட்டர்' என்ற பெயரை வைத்தே எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கிறார்கள்.

பிளேஸ்டேஷன் 2-இல் இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. பழைய தடித்த மாடலில் பவர் சப்ளை பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. பின்னால் குத்தும் ஒயர், நம் வீட்டு டேப் ரிக்கார்டருக்கும் சில பிரிண்டருக்கும் வரும் அதே எட்டு வடிவ முனை. அதனால் தட்டைப் பின் தொந்தரவே இல்லாமல், அலமாரியில் கிடக்கும் ஏதோ ஒரு ஒயரை எடுத்து நேராக 230-இல் குத்திவிடலாம். தடுக்க ஒன்றுமே கிடையாது. வள்ளியூரில் என் சித்தப்பா மகன் ஒருவன் வாங்கிய செட் இப்படித்தான் போனது. அதைத் திறந்து பார்த்தோம். பியூஸ் கறுத்திருந்தது. பக்கத்தில் நின்ற பெரிய கெபாசிட்டரின் தலை உப்பிப் பிளந்து, ஓரத்தில் பழுப்பாக ஒரு கசிவு. அதன் உடம்பில் எழுதியிருந்த தாங்கும் அளவு 200 வோல்ட். நூறு வோல்ட் ஏசி ஏறி இறங்கும்போது தொடும் உச்சம் 141 என்பதால் அங்கே அது தாராளம். 230-இன் உச்சமோ 325. ஸ்விட்ச் போட்ட மாத்திரத்தில் முடிந்திருக்கும். நான் என் செட்டின் ஒயர் துளைமேல் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி '100 மட்டும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். டேப்பை உரிக்காமல் எதையும் குத்த முடியாது.

சூப்பர் ஃபாமிகாம் சுலபம். 1990-இல் வந்த செட். அதற்குள் 230 போக வழியே இல்லை, வெளி அடாப்டரில் இருந்து டிசி மட்டும்தான் உள்ளே போகிறது. அதற்கான ஜப்பான் அடாப்டரின் சீட்டு: உள்ளே 100 வோல்ட், வெளியே டிசி 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர். இந்தக் கனத்த அடாப்டரை நம் பிளக்கில் சொருகினால் உள்ளிருக்கும் இரும்புக் கோர் தாங்காது, காயில் கரண்டை அள்ளி இழுத்துக் கருகும். அதைக் காப்பாற்ற டிரான்ஸ்பார்மர் தேடுவதைவிட நம் ஊர் அடாப்டரையே போடுவது புத்திசாலித்தனம். 9 வோல்ட், 1 ஆம்பியர் போதும். உள்ளே ஒரு 7805 ரெகுலேட்டர் எல்லாவற்றையும் 5 வோல்ட்டாக்கி மிச்சத்தைச் சூடாக வெளியே விடுகிறது. மோடம், கேமரா என்று வீட்டுக்கு வீடு கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரைப் போட்டாலும் ஓடும்தான். ஆனால் மிச்சம் 4 வோல்ட்டுக்குப் பதில் 7 வோல்ட், அத்தனையும் சூட்டை வாங்கும் அந்தச் சின்னத் தகட்டில் (ஹீட்சிங்க்) இறங்கும். சித்திரை வெயிலில் அந்த வேலை வேண்டாம்.

கவனிக்க வேண்டியது முனை. நம் ஊர் அடாப்டரில் அநேகமாக நடு முனை பிளஸ், சுற்று மைனஸ். நின்டெண்டோவின் அந்தக் கால அடாப்டரில் நேர்மாறு. ஒயரை நடுவில் வெட்டி, மாற்றி முறுக்கி, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். செட்டில் குத்தும் முன் மல்டிமீட்டரின் சிவப்பு முள்ளை நடுவில் வைத்தால் மைனஸ் 9 காட்ட வேண்டும். காட்டியது. அதே நிறத்தில் இன்னொரு அடாப்டர் வீட்டில் இருப்பதால் இதன் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டியிருக்கிறேன். நின்டெண்டோவின் முந்தைய செட்டான அமெரிக்க என்.இ.எஸ். அடாப்டர் யாராவது தந்தால் இதில் போட வேண்டாம், அது தருவது ஏசி.

இனி பிளேஸ்டேஷன் 2. இதற்கு வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர்தான் வழி. கடையில் ரெடியாகக் கிடைப்பது அமெரிக்கச் சாமான்களுக்கான 110 வோல்ட். பத்து வோல்ட்தானே என்று விட்டிருப்பேன், எங்கள் வீட்டு மீட்டர் வேறு கதை சொன்னது. எங்கள் வீடு லைனின் கடைசி. சாயங்காலம் வாழைத் தோட்டங்களில் மோட்டார் ஓடும்போது 205-க்கு இறங்கும். ஊர் அடங்கிய பிறகு 252 வரை ஏறும். ஜப்பானில் வீட்டுக்கு வர வேண்டிய வோல்டேஜ் 95-இல் இருந்து 107-க்குள் என்று விதி இருக்கிறது. 230-க்கு 110 தரும் டிரான்ஸ்பார்மர், ராத்திரி 252 வந்தால் 120 தரும். அது அந்த வரம்புக்குள் நிற்க வேண்டுமென்றால் லைனில் 199 முதல் 223 வரைதான் இருக்க வேண்டும். அதாவது மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் விளையாடலாம்! ராத்திரி விளையாடாமல் பிளேஸ்டேஷன் எதற்கு?

பஜாரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனேன். வாசலில் அவிழ்த்த கம்ப்ரெசர் மோட்டார்கள், உள்ளே வார்னிஷ் வாடை. அண்ணாச்சி காயிலில் இருந்து கண்ணை எடுக்காமல், "நூத்திப்பத்து ரெடியா கெடக்கு தம்பி, எடுத்துட்டுப் போங்க. பத்து வோல்ட்டுல என்ன வந்துரப் போவுது?" என்றார். மீட்டர் கதையைச் சொன்னதும் கையை நிறுத்தினார்.

"ராத்திரி எவ்வளவு காட்டுது?"

"எரநூத்தி அம்பத்திரெண்டு."

"அப்போ எரநூத்தி நாப்பதுன்னு வச்சுக் கட்டுவோம். லோடு கம்மியா இருந்தா இன்னும் அஞ்சு ஏறும், அதையும் கழிச்சிருதேன்."

இந்த இரண்டாவது வாக்கியத்துக்கே அவருக்குக் காசு கொடுக்கலாம். டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் வெளி வோல்டேஜ் முழுச் சுமையில் வருவது. சுமை குறைந்தால் அது மேலே போகும். பிளேஸ்டேஷன் 2 இழுப்பது சுமார் 50 வாட். நான் கட்டச் சொன்னது 300 வி.ஏ. (டிரான்ஸ்பார்மர் தாங்கும் சுமை, வாட் மாதிரி ஒரு கணக்கு). எனவே சுமையற்ற நிலையிலேயே 240-க்கு 100 என்று கணக்குப் போட்டுக்கொண்டார். நான் கேட்ட இன்னொன்று, இரண்டு காயிலும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது. செம்பு மிச்சம் பிடிக்க ஒரே காயிலில் நடுவே ஒரு கிளை எடுத்து விற்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர்களும் உண்டு. அதில் கீழ்ப்பகுதிக் கம்பி ஒன்று அறுந்தால் முழு 230-உம் செட்டுக்குள் போய்விடும். அண்ணாச்சி ஈ வடிவத் தகடுகளை ஒன்றுவிட்டு ஒன்று எதிர்ப்பக்கமாகச் செருகி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சமமாக்கினார். உள் காயிலுக்கும் வெளிக் காயிலுக்கும் நடுவே காப்புத்தாள் மூன்று சுற்று. வார்னிஷ் காய ஒரு நாள் விடச் சொன்னார். ரெடிமேட் விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆனது, வருத்தமில்லை.

சரி, முதல் தடவை சுவிட்ச் போடுவது. டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் சீரீஸ் லாம்ப், அதாவது பழைய 100 வாட் குண்டு பல்பு. டிரான்ஸ்பார்மர் மட்டும் இருந்தபோது பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரிந்துகொண்டே நிற்கும், சேதம் அதோடு போகும். பிறகு பல்பை எடுத்துவிட்டு, வெளியே வருவதை அளந்தேன். சாயங்காலம் 86, ராத்திரி 105. குறைவான பக்கம் பிளேஸ்டேஷன் முணுமுணுக்காமல் ஓடியது. இந்த மாதிரி பவர் சப்ளைக்குக் கூடுதல் வோல்டேஜ்தான் எமன், குறைவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, அறுவது. மழைக்காலத்தில் தெரு லைனில் நியூட்ரல் போனால் சில வீடுகளில் மங்கும், சில வீடுகளில் 300-க்கு மேல் ஏறும். அப்போது எந்த டிரான்ஸ்பார்மரும் அதைத் தடுக்காது, வந்ததை வகுத்து அனுப்பிவிடும். அதனால் சுவிட்ச் போர்டிலேயே ஒரு வோல்டேஜ் புரொடெக்டர் போட்டேன். 260-க்கு மேலும் 170-க்குக் கீழும் தானாக வெட்டும். கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிடம் பொறுத்துத்தான் விடும். ஐப்பசி இடிக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது. பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் மருந்து, ஆண்டெனா, கேபிள் ஒயர் உட்பட.

இன்னொன்று. பிளேஸ்டேஷனுக்கு எர்த் பின் கிடையாது, டிவியும் பல வீடுகளில் இரண்டு பின்தான். டிவிக்குப் போகும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரைக் குத்தும்போது விரலில் விர்ரென்று ஒரு கூச்சம் வரும். பவர் சப்ளைக்குள் இருக்கும் சின்னக் கெபாசிட்டர்கள் வழியாக வரும் கசிவு அது. இரண்டு பக்கத்தையும் அணைத்துவிட்டு ஒயரைக் குத்துவது செட்டுக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது.

படம்: டிவி படமுறையில் ஜப்பான் என்.டி.எஸ்.சி., நாம் பி.ஏ.எல். (PAL). எங்கள் எல்.இ.டி. டிவி இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. பக்கத்து வீட்டுப் பழைய டிவியில் மெனுவில் சிஸ்டம் 'ஆட்டோ' என்று வைத்த பிறகுதான் கறுப்பு வெள்ளை நிறமானது. டிவிடி பார்க்கலாம் என்று நினைத்தவர்கள் மறந்துவிடலாம். டிவிடி மண்டலக் கணக்கில் ஜப்பான் 2, இந்தியா 5, ஒரு மண்டலத்துச் செட் மற்றதன் டிவிடியை ஏற்காது.

ரேடியோவில்தான் எனக்கு உண்மையான சந்தோஷம். ஜப்பானில் எஃப்.எம். 76-இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருந்தது, நமக்கு 88 முதல் 108. அதனால் பழைய ஜப்பான் ரேடியோ இங்கே வெறும் இரைச்சல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இதன் முள் பலகையில் 90-க்கு அப்பால் டிவி 1, 2, 3 என்று எழுதியிருக்கிறது. அங்கே பழைய அனலாக் டிவியின் முதல் மூன்று சானல்கள் 90 முதல் 108 வரைதான். சத்தம் மட்டும் கேட்பதற்காக ரேடியோவில் அதையும் சேர்த்துவிட்டார்கள். 2011 ஜூலையில் அந்த ஒளிபரப்பை அநேகமாக நாடு முழுவதும் நிறுத்திவிட்டார்கள். அங்கே டிவி ஊமையான அந்தப் பகுதியில் இங்கே நம் எஃப்.எம். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. மீடியம் வேவில் 1197-இல் திருநெல்வேலி வானொலி தடையில்லாமல் கேட்கிறது. இதை டிரான்ஸ்பார்மரில் போடவில்லை. பெரிய பேட்டரி போடும் இடம் இருக்கிறது, அதில்தான் ஓடுகிறது.

குக்கர் இழுப்பது 1,200 வாட். அதற்கு 2 கே.வி.ஏ. (2,000 வி.ஏ.) டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதைத் தூக்கவே ஆள் வேண்டும், இழப்புச் சூடு வேறு. அக்காவிடம் சொன்னேன். "அப்போ ஒன் வெளையாட்டுச் சாமானுக்கு மட்டும் எல்லாம் நடக்கும்" என்றாள். பதில் இல்லை. குக்கரின் உள்பாத்திரம் நல்ல கனம், அதில் இப்போது உளுந்து ஊறுகிறது.

அடுத்த வேலை சூப்பர் ஃபாமிகாம் கேசட்டுகள். விளையாட்டை விட்ட இடத்தைச் சேவ் செய்யும் கேசட்டுக்குள் பொத்தான் பேட்டரி ஒன்று ஈயம் வைத்து ஒட்டியிருக்கும், பெரும்பாலும் சி.ஆர். 2032. திறக்க 3.8 மில்லிமீட்டர் தனி வகை ஸ்க்ரூடிரைவர் வேண்டும், சொல்லி வைத்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சேவ் போய்விடும். அதனால் 2.8 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதைத் தொடுவதாக இல்லை. கால் தகடு வெல்டு செய்து வரும் பேட்டரி மட்டும்தான் வாங்க வேண்டும், வெறும் பேட்டரிமேல் நேராக ஈயம் வைத்தால் அது சூட்டில் வெடிக்கக்கூடும்.