எமேல்யா மீது ஒரு புகார்

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளின் செல்லப்பிள்ளை எமேல்யா மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. கணப்படுப்பு மேல (ரஷ்ய வீடுகள்ல அது படுக்கிற அளவுக்குப் பெருசு) படுத்துக் கிடப்பதுதான் முழுநேர உத்தியோகம். பரிசு கிடைக்காதுன்னு அண்ணிகள் மிரட்டினால்தான் தண்ணி எடுக்கவே போவார். அங்கே கேட்ட வரம் தர்ற மந்திர மீன் ஒண்ணு, பைக் (pike) என்கிற நன்னீர் மீன், சிக்குது. முதல் வரம்? வாளிங்க தானா வீட்டுக்கு நடக்கணுமாம்!

அப்புறம் குதிரையில்லாத சறுக்குவண்டியை ஊருக்குள்ள விட்டு எத்தனையோ பேரை இடிச்சுத் தள்ளுறார். சிரிச்சுக்கிட்டே படிச்சோம். இன்னைக்குன்னா எஃப்ஐஆர்.

ஜன்னல்ல இளவரசியைப் பார்த்ததும் "இவ என்னைக் காதலிக்கணும்"னு மீனுக்கு ஆர்டர். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கலை.

ஜார் மன்னர் இவரைப் பீப்பாய்ல அடைச்சு, தார் பூசி, கடல்ல வீசினதுல எனக்கு ஆட்சேபணையே இல்லை. பெத்த மகளையும் கூடவே அடைச்சார் பாருங்க, அதுதான் அநியாயம்.