வங்கி கேட்கும் இரண்டு கேள்விகள்

“இத்தனை வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் என்னிடம் இப்போது வந்து யாரென்று கேட்கிறார்களே” என்று எங்கள் பக்கத்து முதியவர்கள் சினப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சினம் நியாயமானதே; ஆனால் இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டமும் அதன் கீழ் 2016 இல் வந்த விதிகளும், வாடிக்கையாளர் யார், அவருடைய பணம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் வங்கி அறிந்திருக்க வேண்டுமென்றும், அந்த விபரங்களைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டுமென்றும் கட்டாயப்படுத்துகின்றன.

முதற்கேள்விக்குத் தேசிய அடையாள அட்டையே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும். பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே படிவத்தில் பிறந்த திகதி பிழைத்தால் அலுவலர் உடனே கண்டுபிடித்துவிடுவார். எங்களவர்கள் இடறுவது முகவரியில்தான். வீட்டுக்கு வீடு கிணறு இருக்கும் ஊரில் தண்ணீர்ப் பட்டியலுக்கு எங்கே போவது? மின்சாரப் பட்டியலோ காலமான பாட்டனாரின் பெயரில் வந்துகொண்டிருக்கும். அப்போது கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழே கைகொடுக்கும். ஆங்கில எழுத்தில் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருந்தால், சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த சத்தியக்கடதாசியையும் கேட்பார்கள்.

இரண்டாவது கேள்வியே யாழ்ப்பாணத்துக்கு உண்மையில் உரியது. தாயின் பெயரில் கணக்கு இருக்கும். வீடு கட்டுவதற்கான பணம் கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் மகனிடமிருந்து வரும். படிவத்தில் ‘இல்லத்தரசி, குடும்பச் செலவு’ என்று மட்டும் எழுதிவிட்டு, ஒரே மாதத்தில் முப்பது இலட்சம் ரூபா வந்திறங்கினால், எழுதியதற்கும் வந்ததற்கும் பொருந்தவில்லை என்று வங்கியின் கணினியே சுட்டிக்காட்டலாம். மகன் அனுப்புகிறார், வீடு கட்டுகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைப்பது பாதி அலைச்சலைத் தவிர்க்கும். வங்கி வழியாக வந்த பணத்துக்கு ஒரு துண்டாவது இருக்கும். வங்கியைத் தவிர்த்துத் தனியார் கைமாற்றும் உண்டியல் வழியில் வந்த காசைக் கட்டாகக் கொண்டுபோய் வைப்பிலிடுபவரிடம் காட்டுவதற்கு எதுவுமே இராது. உண்டியல்காரர் கூடுதல் விலை தருகிறார் என்று மகிழ்பவர்கள் இந்த இடத்தைக் கணக்கிலெடுப்பதில்லை.

10 இலட்சம் ரூபாவைக் கடக்கும் காசுக் கொடுக்கல் வாங்கல்கள் மத்திய வங்கியிலுள்ள நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு வழமையாகவே அறிவிக்கப்படுகின்றன. அது எவர் மீதும் சாட்டப்படும் குற்றமன்று. சந்தேகத்தின் பேரில் அனுப்பும் அறிக்கை வேறு. அதற்குத் தொகை எல்லையில்லை, அனுப்பியதை வாடிக்கையாளரிடம் வெளியிடவும் சட்டம் தடை செய்கிறது. இந்தத் தடை, படிவத்தின் ஒவ்வொரு வினாவும் எதற்கு என்று விளக்குவதை ஒருபோதும் தடுக்கவில்லை. ஆனாலும் “மேலிடத்து உத்தரவு” என்ற ஒரே பதிலோடு படிவத்தை நீட்டும் கருமபீடங்களே இங்கு அதிகம். சினத்தின் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது.