நைஜீரியாவில் ஆரம்பிக்கும் பாடம்

மண்ணியல் வகுப்பில் மண் விஞ்ஞானி ரத்தன் லால் பற்றிப் பேசும்போது, அவர் 2020-ல் வாங்கிய உலக உணவுப் பரிசில் நான் ஆரம்பிப்பதில்லை. நைஜீரியாவில் ஆரம்பிப்பேன்.

1970-ல் இபாதானில் உள்ள வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். காட்டை அழித்து உழுத நிலம் சில பருவங்களிலேயே ஏன் சத்தில்லாமல் போகிறது என்பதுதான் கேள்வி. கூரையாக இருந்த இலைகள் போனதும் மழைத்துளி நேராக மண்ணில் மோதுகிறது. மண்கட்டி உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைக்கின்றன. மேலே ஓடு மாதிரி இறுகிவிடும். அப்புறம் தண்ணீர் எங்கே உள்ளே இறங்கும்? மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பகுதியில் சத்து பெரும்பாலும் அந்த மெல்லிய மேலடுக்கில்தான் இருக்கிறது.

உழவைக் குறை, அறுவடைக் கழிவை நிலத்திலேயே விடு, வெற்று மண்ணை மறைக்க மூடுபயிர் போடு என்றார். சொல்வது சுலபம். அந்தக் கழிவுதான் பல விவசாயிகளுக்கு மாட்டுத்தீவனம், அடுப்பெரிக்கும் விறகு எல்லாம். இதை விட்டுவிட்டு ‘மண் வளம் காப்போம்’ என்று பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

1987-ல் தான் முனைவர் பட்டம் பெற்ற ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே ஆசிரியராகத் திரும்பினார். மண்ணில் கரிமத்தை (கார்பனை) சேமிப்பது பற்றிய பேச்சு உலக அரங்குக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பரிசுத் தொகை இரண்டரை லட்சம் டாலர். அதையும் மண் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்.

சரி, நம் நில மறுசீரமைப்புத் திட்டங்களில் மரக்கன்றுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சமாவது மண் பரிசோதனைக்குப் போகிறதா?