செம்மண் தூசி எஞ்சினுக்குள் போன வழி

கோயம்புத்தூருக்கு வெளியே செம்மண் தடத்தில் பயிற்சி செய்வதற்காக நான் வைத்திருக்கும் வண்டி 1994-ஆம் ஆண்டின் யமஹா ஆர்எக்ஸ் 100. விளக்குகளையும் மட்கார்டுகளையும் கழற்றி, பட்டன் டயர் போட்டு, மண்ணில் ஓட்டுவதற்கென்றே மாற்றியது. சென்ற கோடையில் அதன் இழுவை குறைந்தது. கிக்கரை மிதித்தால் காலில் எதிர்ப்பே தெரியவில்லை. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்புதான் ஒரு பட்டறையில் ரிங் மட்டும், அதாவது வாயு கசியாமல் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம் மட்டும், மாற்றித் தந்திருந்தார்கள். ஆகவே இம்முறை எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அளந்து தெரிந்துகொள்வதென்று முடிவு செய்து, எஞ்சினை நானே பிரித்தேன்.

பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பிளாக்கைத் தூக்கியதும் முதலில் பிஸ்டனைத் துடைக்காமல் பார்த்தேன். துடைத்துவிட்டால் பாதிச் செய்தி அழிந்துவிடும். ரிங்குகளுக்குக் கீழே, சுற்றிலும் கரும்பழுப்பு நிறத்தில் கறை படிந்திருந்தது. எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சைலன்ஸர் பக்கம் பெரிதாகக் கீறல் இல்லை. கார்புரேட்டர் பக்கத்து அடிப்பாகமோ உப்புத்தாளால் தேய்த்தது போல, மேலிருந்து கீழாக நுண்ணிய கோடுகளுடன் மங்கிக் கிடந்தது. எண்ணெய் போதாமல் பிடித்துக்கொண்ட பிஸ்டனில் உலோகம் இழுபட்டுத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஒரே சீராக அராவப்பட்டிருந்தது. காற்றோடு தூசி உள்ளே போயிருக்கிறது என்பது அப்போதே ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

அடுத்து அளவெடுத்தேன். இந்த எஞ்சினின் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 50 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரமும் 50 மில்லிமீட்டர். என் பிளாக் ஏற்கெனவே ஒருமுறை போரிங் செய்யப்பட்டது, அதாவது அந்தத் துளை 0.25 மில்லிமீட்டர் அகலமாகக் கடையப்பட்டது. போருக்குள் அளக்கும் டயல் கேஜ் என்னிடம் இல்லை. மெல்லிய தகடுகளை நுழைத்து இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் மட்டுமே இருந்தது. அதைக் கொண்டே தேய்மானத்தைக் கணக்கிட முடியும். புது ரிங் ஒன்றைப் போருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் தள்ளிச் சமமாக நிறுத்தி, அதன் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ரிங் ஒருபோதும் உரசாத அடிப்பகுதியில் எனக்கு 0.22 மில்லிமீட்டர் கிடைத்தது. மேல் விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் கீழே 0.63 வந்தது. வித்தியாசம் 0.41. சுற்றளவு கூடிய அளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கூடிய அளவு தெரியும் என்பதால், மேலே போர் ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது. பழைய ரிங்கை வைத்து இதைச் செய்யக் கூடாது. ரிங்கின் தேய்மானமும் போரின் தேய்மானமும் ஒரே எண்ணில் கலந்துவிடும். ஆறு மாதத்திற்கு முன் போட்ட ரிங் ஏன் நிலைக்கவில்லை என்பதும் இதனால் விளங்கியது: அகன்றுபோன போரில் அந்த ரிங் முதல் நாளிலிருந்தே விரிந்துதான் நின்றிருக்கும்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. போர் வட்டமாகத் தேய்ந்ததா, ஒரு பக்கமாகத் தேய்ந்ததா என்பதை அது சொல்லாது. எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டனைப் பின்பக்கச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. தூசி கலந்த காற்று நுழைவதும் அதே பக்கம். ஆகவே பின்சுவர் அதிகம் தேய்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். லேத் பட்டறையில் டயல் வைத்துப் பார்த்தபோது, முன்பின்னாக விரிந்தது 0.17, பக்கவாட்டில் 0.09 என்று வந்தது. மூல அளவைவிட 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். "தம்பி, பின்னாடி இருக்கற கீறல் அதுல போகாதுங்க, முக்காலுக்குப் போயிருங்க" என்று பட்டறைக்காரர் விரலால் தடவிக் காட்டினார். மனமில்லாமல் 0.75-க்கு ஒப்புக்கொண்டேன். இனி இந்த பிளாக்குக்கு 1.00 என்ற ஒரே வாய்ப்புதான் மிச்சம்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் நேராகப் பிஸ்டனுக்கு மேலே போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் என்ற சுழல்தண்டு இருக்கும் அறைக்குள் இறங்கி, அங்கிருந்துதான் மேலே ஏறுகின்றன. போரை அராவிய தூசி, அதற்கு முன்பே கிராங்க் பேரிங்குகளைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. பெட்ரோலால் கழுவி எண்ணெய்ப் படலத்தை நீக்கியபின், கிராங்கை அசையாமல் பிடித்துக்கொண்டு அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடை நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் ஓரளவு அசைவு இருப்பது இயல்பு. மேல்கீழாக அசைவே இருக்கக் கூடாது. என் விரல்களுக்கு மெல்லிய 'டக்' என்ற தட்டல் தெரிந்தது. எண்ணெயோடு பார்த்திருந்தால் அது தெரிந்திருக்காது. ராடு கிட், இரண்டு பேரிங்குகள், ஆயில் சீல்கள் அனைத்தையும் மாற்றினேன். பிரஸ்ஸில் பூட்டிய கிராங்கின் வளைவை டயலில் 0.03 மில்லிமீட்டருக்குள் எடுத்துத் தரும்படி கேட்டு, முள் அசைவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பின்பே வாங்கிக்கொண்டேன்.

தூசி வந்த வழியையும் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. ஃபில்டர் சுத்தமாகவே இருந்தது. ஆனால் கார்புரேட்டரின் வாய்க்குள் வெள்ளைத் துணியால் துடைத்தபோது சிவந்த கறை ஒட்டியது. ஃபில்டர் பெட்டியையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்ததில், கிளாம்ப் மறைத்திருந்த அடிப்பக்கத்தில் பாதி விரல் நீளத்திற்கு வெடிப்பு இருந்தது. இதைப் பார்க்காமல் புதுப் பிஸ்டனைப் பூட்டியிருந்தால், இன்னும் ஆறு மாதத்தில் கடைசி அளவுக்கும் வந்திருப்பேன்.

போரிங் முடிந்து வந்த பிளாக்கில், சிலிண்டர் சுவரில் வாயு வந்துபோகும் துளைகளான போர்ட்டுகளின் விளிம்புகள் கத்திபோல் கூர்மையாக இருந்தன. அவற்றை அரத்தால் இலேசாக மழுக்கிவிட்டு, துடைக்கும் துணி கறுக்காமல் வரும் வரை சோப்புத் தண்ணீரில் கழுவினேன். கூர்மையாக விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். பிஸ்டனின் அம்புக்குறி சைலன்ஸர் பக்கம் இருக்கும்படி பூட்டி, பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் லாக்குகளைப் புதிதாகப் போட்டேன். ஸ்டார்ட் செய்வதற்கு முன், எங்காவது காற்று கசிகிறதா என்று பார்க்க, சைலன்ஸர் வழியையும் கார்புரேட்டர் வழியையும் ரப்பரால் அடைத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பம்பால் 250 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை காற்றேற்றினேன். ஐந்து நிமிடம் முள் இறங்கவில்லை. புது ரிங்கின் இடைவெளி மேலே 0.20, கீழே 0.20 என்று தேதியோடு குறித்து, அந்தத் தாளை ஃபீலர் கேஜோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.