அரியர் தாளும் யுனியோஷியின் மாடிப்படியும்

நேற்று ரிசல்ட் வந்தது. திரைப்படத் திறனாய்வு அரியர் ஒருவழியாக கிளியர் ஆகிவிட்டது. போன வருடம் அந்தத் தாளில் தோற்றதற்கும் இந்த முறை தேறியதற்கும் ஒரே படம்தான் காரணம்: 1961இல் வந்த 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்'. பிரதிநிதித்துவம் பற்றிய பெரிய கேள்விக்கு இரண்டு முறையும் அந்தப் படத்தைத்தான் எடுத்தேன்.

முதல் முறை நான்கு பக்கம் எழுதினேன். மிக்கி ரூனி என்ற வெள்ளைக்கார நடிகர் பொய்ப்பல் மாட்டி, கண்ணிமையை இழுத்து ஒட்டி யுனியோஷி என்ற ஜப்பானியராக நடித்தார், இது இனவெறி. நான்கு பக்கமும் இதே வாக்கியம்தான், வேறு வேறு சொற்களில். கோபம் பொய்யில்லை, இன்றைக்கும் அந்தக் காட்சிகளைப் பார்க்கக் கூசுகிறது. ஆனால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது ஓரத்தில் 'சான்று?' என்று ஒரே ஒரு சொல் இருந்தது. வகுப்பில் யாராவது இதை முன்பே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

இந்த முறை செய்தது இதுதான். ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு யுனியோஷி வரும் இடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார், எதற்குச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று நோட்டில் எழுதினேன். பெரும்பாலும் மேல்மாடிக் கைப்பிடியிலிருந்து கீழே பார்த்துக் கத்துகிறார். யாரும் அவரோடு உட்கார்ந்து பேசுவதில்லை. அதே கட்டிடத்தில் கீழே குடியிருக்கும் கதாநாயகி ஹாலி சாவியைத் தொலைத்துவிட்டு அகால நேரத்தில் அவர் வீட்டு மணியை அடிக்கிறாள். தூக்கம் கெடுவது அவருக்கு. நியாயம் முழுக்க அவர் பக்கம் இருக்கிறது. ஆனால் படம் அவரைக் காகித விளக்கில் முட்டவைத்து, அந்த நியாயத்தையே சிரிப்பாக்கிவிடுகிறது. ஒட்டிய பல்லைவிட இதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. மதிப்பெண்ணும் இந்தப் பத்திக்குத்தான் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அப்புறம் மூலக்கதை. ட்ரூமன் கபோட்டி 1958இல் வெளியிட்ட குறுநாவலில் யுனியோஷி ஒரு புகைப்படக் கலைஞர். ஆப்பிரிக்காவில் அவர் எடுத்த படங்களிலிருந்துதான் ஹாலியைப் பற்றிய பேச்சே தொடங்குகிறது. திரையில் அந்தத் தொழிலில் மிஞ்சியது, அவரைச் சமாதானப்படுத்த ஹாலி 'அந்தப் படங்களை எடுக்கவிடுகிறேன்' என்று ஆசை காட்டும் ஒரு வசனம்தான்.

'அந்தக் காலம் அப்படி' என்று எழுதிவிடாதீர்கள். அதே 1961இல்தான் 'ஃப்ளவர் டிரம் சாங்' வந்தது. அதுவும் காதலும் நகைச்சுவையும் கலந்த படம்தான், பாட்டு நிறைய. ஜேம்ஸ் ஷிகேடா, நான்சி குவான், மியோஷி உமேகி என்று பெரும்பாலும் ஆசிய முகங்கள். உமேகி 1957ஆம் ஆண்டுப் படமான 'சயோனாரா'வுக்காக ஆஸ்கார் வாங்கியவர். நடிக்க ஆள் இருந்தார்கள். அந்தப் படமும் குறையற்றது இல்லை. சீனப் பெண் மேடம் லியாங்காக நடித்த ஜுவானிடா ஹால் ஆப்பிரிக்க அமெரிக்கர். இதையும் எழுதினேன்.

இன்னும் சில:

- ஆண்டு போடாமல் எந்தப் படத்தையும் குறிப்பிடாதீர்கள்.
- கதைச்சுருக்கம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம்.
- இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்தார்கள். படம் வந்தபோது அது முடிந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. இந்தப் பின்னணி அவசியம்.
- இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் பின்னாளில் வருந்தியதற்கு ஒரு வரி போதும். அந்த வருத்தம் திரையில் இல்லை.
- குழுவாகப் படிக்காதீர்கள். போன முறை நாங்கள் ஐந்து பேரும் ஒரே விடையை எழுதியிருந்தோம்.

தேர்வறையில் வினாத்தாளைப் படித்ததும் உடனே எழுதத் தொடங்கவில்லை. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் அந்த மாடிப்படியைப் பென்சிலால் வரைந்து, மேலே யுனியோஷி, கீழே ஹாலி என்று குறித்துக்கொண்டேன். முதல் பத்தி அதிலிருந்துதான் வந்தது.